இடது பக்கம்

விளம்பரத்தில் அதை நான்
கீறலை வைத்துத்தான் அடையாளம் கண்டேன்.
மூடியின் வலது மூலையில், அரை விரல் நீளம்.
ஸ்க்ரூடிரைவர் வழுக்கிய கை
என்னுடையது.

ஆறு படங்கள் போட்டிருந்தான்.
ஐந்தில் ஆம்ப்ளிஃபையர். ஆறாவதில் கீறல் மட்டும், கிட்டத்தில்,
அளவுக்குப் பக்கத்தில் ஓர் இருபது சென் காசு.
"அறுநூறு வெள்ளி. நேரில் கேட்டுப் பார்த்து எடுக்கவும்."
நான் விற்றபோது போட்டவை மூன்றே படங்கள்.
மூன்றும் இடப்புறத்திலிருந்து.

பாலத்தில் போயிருந்தால் சீக்கிரம் போயிருப்பேன்.
அதனால்தான் ஃபெரி.
பட்டர்வொர்த்தில் மோட்டாரை ஏற்றி, கம்பியைப் பிடித்து நின்று
சொல்ல வேண்டியதை இரண்டு முறை
தண்ணீரிடம் சொல்லிப் பார்த்தேன்.
என்ஜின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

ஜெலுத்தோங். பதினோராம் மாடி.
லிஃப்ட் பத்தோடு நின்றுவிட்டது, மீதியை நடந்தேன்.
தவநேசன். பாயான் லெப்பாஸில் இரவு ஷிஃப்ட்,
கண் இன்னும் விடியவில்லை.

அன்றைக்கு நாங்கள் இருவரும் முகக்கவசத்தில்.
இரண்டு ஜோடிக் கண்கள்,
ஒரு பாட்டில் சானிட்டைசர்,
எண்ணூற்றைம்பது வெள்ளி.
சம்பளம் பாதியான மாதம் அது. இப்போது என் எண்கூட வேறு.
என் ஹாலில் காத்தாடி ஐந்தில் சுற்றிக்கொண்டிருந்தது.
"புழுக்கம்" என்றேன்.
மழை பெய்து ஓய்ந்திருந்த சாயங்காலம்.

இன்று அவன்
ஆம்பைப் போடுவதற்கு முன் நேராகச் சுவருக்குப் போய்
காத்தாடியை அணைத்தான்.
இறக்கைகள் நிற்கும்வரை பேசவில்லை.
ஜன்னலையும் சாத்தினான்.
பாட்டு எதுவும் வைக்காமல்
ஒலியை மட்டும் மெல்லக் கூட்டி,
"இங்க வாங்க, காதை வைங்க" என்றான்.

இடது ஸ்பீக்கரில்
தூரத்தில் யாரோ
விடாமல் எதையோ வறுத்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு வித்தவன் மறைச்சிட்டான்.
நீங்க தெரிஞ்சு வாங்கணும்."

எனக்கு விற்றவனும் மறைத்தவன்தான்
என்று சொல்லியிருக்கலாம்.
தலையை மட்டும் ஆட்டினேன்.
காதால் வாழ்கிறவனிடம்
முகத்தைவிடக் குரல் ஆபத்து.

"அவனும் அக்கரைதான்.
'பிள்ளை மாதிரி வச்சிருந்தேன், தம்பி'ன்னான்.
மூஞ்சி ஞாபகமில்ல. அந்தக் குரல் மட்டும் போகல."

கைப்பேசியில் தட்டிக் காட்டினேன்: எழுநூறு.
திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"அண்ணே, நான் கேட்டதே அறுநூறு."
அழித்துவிட்டு மறுபடி தட்டினேன்: எழுநூற்றைம்பது.
"குறைச்சுக் கேட்டுக் கொல்லுவாங்க.
கூட்டிக் கேட்கிற ஆளை இப்பதான் பாக்கறேன்.
தொண்டை சரியில்லையா?"
ஆமாம் என்று கழுத்தைத் தொட்டேன்.
ஒரு பொய்யைத் தீர்க்க வந்த இடத்தில்
இன்னொன்று.

அறுநூறுக்கு மேல் ஒரு சென்கூட வாங்கவில்லை.
கியூஆரை நீட்டி, நான் தட்டிய எண்ணை
எட்டிப் பார்த்துச் சரிபார்த்தான்.
கீழே வந்து, மோட்டாரில்
அடியில் பழைய தலையணை வைத்து
டியூபால் அவனே இறுக்கிக் கட்டினான்.
முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான்.
நான் நன்றிகூடச் சொல்லவில்லை, கையை உயர்த்தினேன்.

ஃபெரி பாதிக் கடலில் இருக்கும்போது செய்தி வந்தது.
"பத்திரமா போங்க, அண்ணே.
வீட்ல காத்தாடிய அஞ்சுல வச்சுக் கேளுங்க.
இரைச்சல் தெரியாது."

மூன்று நாளாகிறது.
பதில் போடவில்லை, நீல டிக் மட்டும் போயிருக்கும்.
ராத்திரியில் காத்தாடியை நிறுத்திவிட்டு
வேர்வையோடு உட்கார்ந்திருக்கிறேன்.
வலது பக்கம் சுத்தமாகத்தான் இருக்கிறது.
அதை நான் கேட்பதில்லை.